சிவப்புப் புள்ளி

பிப்ரவரி 3

வணக்கம்.

நான் நலம். நீங்களும் நலமாகவே இருப்பீர்கள். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும், மனம் மாறித் திரும்பி வருகிறாள் போலிருக்கிறது என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இதற்கு மேல் படிப்பதும் படிக்காமல் விடுவதும் உங்கள் விருப்பம்.

எனக்கு ஓர் உதவி வேண்டும். நான் பெரிய ஆஸ்பத்திரியின் துணிக் கிடங்கில் வேலை பார்ப்பதை அக்கா உங்களிடம் சொல்லியிருப்பாள். சலவையிலிருந்து வரும் படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் தியேட்டர் துணி எல்லாவற்றையும் மடித்துத் தள்ளுவண்டியில் ஏற்றி ஒவ்வொரு பிரிவுக்கும் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. கிடங்கு தரைக்குக் கீழே இருக்கிறது. பதினான்கு மாதமாக வெளிச்சத்தைப் பார்ப்பது வண்டி தள்ளும்போது மட்டும்தான்.

மேலே முன்கூடத்தில் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை இருக்கிறது. அங்கே ஓர் அம்மா மைக் முன்னால் உட்கார்ந்து, இன்னார் இன்ன பிரிவுக்கு வரவும் என்று அறிவிப்பார். அவர் மார்ச்சோடு ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு உள்ளே வேலை பார்க்கிறவர்களிலிருந்தே ஆள் எடுக்கிறார்கள். மார்ச் இருபதாம் தேதி தேர்வு. மைக்கில் முப்பது பிரிவுகளின் ஆங்கிலப் பெயர்களை வாசித்துக் காட்ட வேண்டும். ஒவ்வொரு பெயரும் ஒரு முழம் நீளம்.

நான் விண்ணப்பம் கொடுத்தபோது தலைமை நர்ஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "துணி மடிக்கிறதுக்கு இங்கிலீஷ் வேண்டாம்மா, இதுக்கு வேணும்" என்றார். வாங்கி வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். இங்கே வேறு யாரையும் கேட்க எனக்கு மனமில்லை. கேட்டால் சிரிப்பார்கள்.

நீங்கள் வானொலியில் செய்தி வாசிக்கிறவர்களுக்கு இதைத்தானே செய்கிறீர்கள். நீளமான சொல்லைக் கோடு போட்டுப் பிரித்து, அழுத்த வேண்டிய இடத்தின் தலையில் சிவப்புப் புள்ளி வைத்துக் கொடுக்கிறீர்கள். எனக்கும் முப்பது சொற்களுக்கு அப்படிச் செய்து கொடுங்கள். இருபத்து நான்கின் பட்டியலை இணைத்திருக்கிறேன், மீதி ஆறைப் பிறகு அனுப்புகிறேன்.

ஒரு நிபந்தனை. போன் வேண்டாம், நேரில் வேண்டாம். ஒன்பது வருடம் என் வாயைத் திருத்தினீர்கள். நான் ஒரு சொல்லைத் தொடங்கினால் முடிப்பதற்குள் சரியான உச்சரிப்பு உங்கள் பக்கத்திலிருந்து வந்துவிடும், விருந்தாளிகள் இருந்தாலும் சரி. கடைசி இரண்டு வருடம் சாப்பாட்டில் உப்புப் போதுமா என்பதைக்கூடத் தலையாட்டித்தான் கேட்டேன். இந்த முறை காகிதத்தில் மட்டும் திருத்துங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டில் ஒன்பது வருடம் இருந்தவள்


பிப்ரவரி 8

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உறையைப் பார்த்ததும் நீ சொன்னபடிதான் நினைத்தேன். அதை விடு.

முதல் பத்துச் சொற்களை இணைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் அசைகளாகப் பிரித்திருக்கிறது. அசை என்றால் பயப்பட வேண்டாம். தாடைக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு சொல்லைச் சொல். தாடை எத்தனை முறை கையைத் தொடுகிறதோ அத்தனை அசை. கார்/டி/யா/ல/ஜி, ஐந்து.

அசை வேறு, சொல்லின் உறுப்பு வேறு. அசை வாய்க்கு உதவும், உறுப்பு மூளைக்கு உதவும். உன் பட்டியலில் மிக நீளமானதை எடுத்துக்கொள். ஓ/டோ/ரை/னோ/லா/ரிங்/கா/ல/ஜி. அசை ஒன்பது. உறுப்பு நான்குதான். ஓடோ என்றால் காது, ரைனோ என்றால் மூக்கு, லாரிங் என்றால் குரல்வளை, லஜி என்றால் அதைப் பற்றிய படிப்பு. நான்கு பேர் தோளில் கை போட்டு நிற்பதால் நீளமாகத் தெரிகிறது. ஒவ்வொருவராக அறிமுகம் செய்துகொண்டால் போதும்.

வீட்டில் எல்லாம் அப்படியே இருக்கிறது. குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. பக்கத்து வீட்டு அம்மா உன்னை விசாரித்தார்.

உன்
சிவப்பு மை

பி.கு. உன் கடிதத்தையும் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். இரண்டு இடங்களில் ஒற்று விடுபட்டிருந்தது. குறித்திருக்கிறேன்.


பிப்ரவரி 13

வணக்கம்.

என் கடிதத்தைத் திருத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். உறையைப் பிரித்ததும் முதலில் அதுதான் கையில் வந்தது. என் மனதைக் கொட்டி எழுதிய பத்தியின் மேல் இரண்டு சிவப்புக் குறிகள். கிடங்கில் நின்றுகொண்டு சிரித்தேன், பிறகு அழுகையும் வந்தது. நிலையத்தில் உங்களுக்குச் சிவப்பு மை என்று பட்டம் வைத்தவர் யாரோ, அவர் ரொம்ப நல்லவர், குறைத்துச் சொல்லியிருக்கிறார்.

இன்னொரு தடவை என் கடிதத்தில் கை வைத்தால் அந்தக் குறிகளோடு அப்படியே அக்காவுக்கு அனுப்புவேன். அவள் உங்கள் நிலையத்துக்கே வந்து பேசுவாள், உங்களுக்குத் தெரியும்.

வாயாடி என்றும் கூப்பிட வேண்டாம். அது கல்யாணமான புதிதில் நீங்கள் வைத்த பெயர். அந்த ஆள் உங்கள் வீட்டிலேயே காணாமல் போய்விட்டாள்.

சரி, வேலைக்கு வருகிறேன். பத்துச் சொற்களையும் தினமும் சொல்கிறேன். விரிப்பை மடிக்கும்போது ஒரு மடிப்புக்கு ஓர் அசை. என்னோடு துணி தேய்க்கும் அம்மா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "உனக்கு விக்கல் நிக்கலையா, தண்ணி குடியேன்" என்றார். நான் ஒவ்வொரு கோட்டிலும் நிறுத்தி மூச்சு வாங்கியிருக்கிறேன். கோடு இருந்தால் நிற்க வேண்டும் என்றுதானே நினைப்பேன்? நிற்கக் கூடாது என்றால் அதையும் எழுதியிருக்க வேண்டும்.

புள்ளி வைத்த இடத்தில் சத்தமாகச் சொன்னேன். மாடியிலிருந்து ஆள் வந்து என்ன சண்டை என்று கேட்டார்கள். அழுத்துவது என்றால் கத்துவது இல்லைதானே?

காது, மூக்கு, குரல்வளை விஷயம் மட்டும் எனக்கு ரொம்பப் பிடித்தது. தினமும் அந்தக் கதவு முன்னால் வண்டியை நிறுத்துகிறேன், பலகையில் இருப்பது அதுதான் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. இப்போது கார்டியோ என்றால் இதயம், டெர்மா என்றால் தோல், காஸ்ட்ரோ என்றால் வயிறு என்று எல்லாவற்றையும் தேய்க்கிற அம்மாவுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

இன்னொன்று. லஜியில் முடியும் ஆறு சொற்களிலும் உங்கள் புள்ளி கடைசியிலிருந்து மூன்றாவது அசையில் விழுகிறது. நானாகப் பார்த்ததுதான். எப்போதும் அப்படியா, இல்லை இந்த ஆறுக்கு மட்டுமா?

இப்படிக்கு,
துணிக் கிடங்கு


பிப்ரவரி 18

அன்புள்ள உனக்கு,

மன்னித்துவிடு. உறையை ஒட்டும்வரை அது தவறு என்று எனக்குத் தோன்றவேயில்லை. தபால் பெட்டியில் போட்ட பிறகும் தோன்றவில்லை. உன் பதிலைப் படித்தபோதுதான் தெரிந்தது. அப்படி ஓர் ஆளாக இருக்கிறேன்.

உன் கேள்விகளுக்கு வருகிறேன். கோடு கண்ணுக்கு மட்டும், மூச்சுக்கு இல்லை. பார்க்கும்போது பிரித்துப் பார், சொல்லும்போது சேர்த்துச் சொல். அழுத்துவது கத்துவது இல்லை. அந்த அசையில் கொஞ்சம் கூடுதலாகத் தங்கி, குரலைச் சற்று உயர்த்தி, மற்ற அசைகளை லேசாகக் கடந்து போக வேண்டும். விரிப்பை மடிக்கும்போது ஒரு மடிப்பை மட்டும் உள்ளங்கையால் நீவி விடுவாய் இல்லையா, அந்த அளவு போதும்.

லஜி பற்றி நீ கண்டுபிடித்தது சரி. எப்போதும் அப்படித்தான். நிலையத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு அதை நான் கரும்பலகையில் எழுதிச் சொல்லிக் கொடுப்பேன், அடுத்த வாரம் மறந்துவிட்டு வந்து நிற்பார்கள். நீ துணி மடித்துக்கொண்டே கண்டுபிடித்திருக்கிறாய். இரண்டாவது பத்தும் மூன்றாவதில் நான்கும் அனுப்புகிறேன். லஜி வருமிடங்களில் நான் புள்ளி வைக்கவில்லை. நீயே வைத்துக்கொள்.

காணாமல் போனவளைப் பற்றி எழுதியிருந்தாய். நானும் ஒன்று சொல்ல வேண்டும். கடைசி இரண்டு வருடம் நம் வீட்டில் சத்தமே இல்லை. நான் அதில் சந்தோஷப்பட்டேன். நீ ஒருவழியாகத் திருந்திவிட்டாய், தவறு செய்வதில்லை என்று எடுத்துக்கொண்டேன். நீ பெட்டியோடு வாசலில் நின்ற அன்றும் நீ எதுவும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இந்தப் பதினெட்டு மாதமாக உன் மேல் கோபமாக இருந்தேன். சொல்ல நான் எங்கே இடம் வைத்தேன் என்று இந்த வாரம்தான் யோசித்தேன்.

நன்றாகப் படி. நீ ஜெயித்துவிடுவாய்.

உன்
சிவப்பு மை


பிப்ரவரி 26

வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் பையிலேயே வைத்திருந்தேன். நன்றி என்று மட்டும் எழுதுகிறேன்.

இருபத்து நான்கு சொற்களும் தண்ணீர் பட்ட பாடு ஆகிவிட்டன. புள்ளிகளை நானே வைத்தேன், எல்லாம் சரியாக விழுந்தன. தேய்க்கிற அம்மா இஸ்திரிப் பெட்டியை ஆட்டிக்கொண்டே எனக்குத் தேர்வு வைக்கிறார். அவர் ஒரு பிரிவைத் தமிழில் சொல்வார், நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். தவறினால் பத்து விரிப்பு எனக்குக் கூடுதல்.

மீதி ஆறு சொற்களை இணைத்திருக்கிறேன். இவை லஜியில் முடியவில்லை. ஷன் என்றும் இக்ஸ் என்றும் என்னென்னவோ வருகின்றன. எங்கே நீவுவது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் வைக்கும் புள்ளிதான் வழி.

நீங்கள் மனம் திறந்து எழுதிவிட்டீர்கள். நானும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன், பிறகு தெரிந்து வருத்தப்படக் கூடாது. அத்தானுக்கு மாற்றல் வந்துவிட்டது. நான் தங்கியிருக்கும் இந்த வீட்டை அக்கா மார்ச் கடைசியில் காலி செய்கிறாள். புது ஊரில் அவர்களுக்கே ஒற்றை அறைதான். அறிவிப்பு வேலை கிடைத்தால் ஆஸ்பத்திரிக் குடியிருப்பில் எனக்கென்று ஓர் அறை தருவார்கள். துணிக் கிடங்கு ஆட்களுக்கு அது கிடையாது. வேலை கிடைக்காவிட்டால் நான் போவதற்கு இருப்பது உங்கள் வீடு ஒன்றுதான். வேறு வழியில்லாமல் வர வேண்டியிருக்கும்.

அப்படி வர எனக்கு விருப்பமில்லை. அதனால்தான் இத்தனை பாடு. அறை கிடைத்ததும், வக்கீல் போன வருடம் உங்களுக்கு அனுப்பிய பிரிவுப் பத்திரத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள். நானும் போட்டு முடித்துவிடுகிறேன். உங்களிடமே உதவி கேட்டுக்கொண்டு இதையும் கேட்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் கேட்கிறேன்.

குழாயைச் சரிசெய்தீர்களா?

இப்படிக்கு,
துணிக் கிடங்கு


மார்ச் 3

அன்புள்ள உனக்கு,

ஆறு சொற்களையும் பிரித்துப் புள்ளி வைத்து அனுப்பியிருக்கிறேன். இங்கே வேலை அதிகம். விளக்கம் எழுத நேரமில்லை. அப்படியே மனப்பாடம் செய்துகொள்.

குழாயைச் சரிசெய்யவில்லை.

சிவப்பு மை


மார்ச் 12
விரைவுத் தபால்

அன்புள்ள உனக்கு,

இதைப் படித்ததும் மூன்றாம் தேதி நான் அனுப்பிய காகிதத்தைக் கிழித்துப் போடு.

அந்த ஆறு சொற்களிலும் புள்ளியைத் தவறான இடத்தில் வைத்தேன். கவனக்குறைவு இல்லை, தெரிந்தே செய்தேன். ஆறிலும் முதல் அசையின் மேல் வைத்தேன். நம் வாய் இயல்பாகவே அங்கேதான் அழுத்தும், அதனால் உனக்குச் சந்தேகம் வராது என்று கணக்குப் போட்டு வைத்தேன். ஷன், இக்ஸ் இரண்டுக்கும் சுலபமான வழி இருக்கிறது, லஜியைப் போல. அதைச் சொன்னால் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று சொல்லாமல் விட்டேன்.

உன் கடிதத்தில் உங்கள் வீடு ஒன்றுதான் என்று ஒரு வரி இருந்தது. அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வேறு வழியில்லாமல் வந்தாலும் வந்தால் போதும், வந்த பிறகு நான் மாறிக் காட்டுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேசை முன் உட்கார்ந்து பேனாவைத் திறந்தேன். இருபத்திரண்டு வருட வேலையில் ஒரு புள்ளி நான் தவறாக வைத்ததில்லை. ஆறு வைத்தேன்.

ஒன்பது நாளாக நிலையத்தில் எந்தக் காகிதத்தை எடுத்தாலும் எனக்கே நம்பிக்கை இல்லை. இன்று காலை செய்தி வாசிக்கிற பெண் வந்து, "சார், நீங்க வச்ச புள்ளின்னா நான் பாக்கவே மாட்டேன், கண்ண மூடிட்டுப் படிச்சிடுவேன்" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். என்னால் உட்கார முடியவில்லை. நேராகத் தபால் நிலையத்துக்கு வந்து இதை எழுதுகிறேன்.

ஷன் என்று முடிந்தால் அதற்கு முந்தைய அசை. ரீ/ஹ/பி/லி/டே/ஷன், டேயில் புள்ளி. இக்ஸ் என்று முடிந்தாலும் அதற்கு முந்தையதுதான். பீ/டி/யாட்/ரிக்ஸ், யாட்டில். ஆர்/தோ/பீ/டிக்ஸ், பீயில். ஆப்ஸ்/டெட்/ரிக்ஸ், டெட்டில். அ/னெஸ்/தீ/ஸி/யா, தீயில். ஃபி/ஸி/யோ/தெ/ர/பி, தெயில்.

இதை நம்ப உனக்குக் காரணம் எதுவும் இல்லை. யாரையாவது கேட்டுச் சரிபார்த்துக்கொள். நேரம் இருக்கிறது, தயவுசெய்து கேள். உன்னைத் தோற்கடித்து வீட்டுக்கு வரவழைக்கப் பார்த்தேன். இதைவிடக் கேவலமாக எதையும் நான் செய்ததில்லை. நீ இனி எழுதாவிட்டாலும் எனக்குப் புரியும்.

சிவப்பு மை


மார்ச் 16

உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. தேர்வுக்கு நான்கு நாள் இருக்கிறது. பத்து நாளாக அந்த ஆறையும் தவறாகச் சொல்லிச் சொல்லி வாயில் ஊறப் போட்டிருக்கிறேன். இப்போது சரியாகச் சொல்லப் போனாலும் நாக்கு பழைய இடத்துக்கே ஓடுகிறது.

திட்ட வேண்டும் என்று உட்கார்ந்தேன். திட்டும் நேரத்தில் இரண்டு சொல் படிக்கலாம் என்பதால் எழுந்துவிட்டேன்.

உங்கள் வீட்டுக்கு நான் வர மாட்டேன். தோற்றாலும் வர மாட்டேன். தேய்க்கிற அம்மா வீட்டில் சமையலறை ஓரத்தில் படுத்துக்கொள்கிறேன் என்று கேட்டாயிற்று, அவரும் சரி என்றுவிட்டார். அதனால் இனி உங்களுக்கும் எதிர்பார்ப்பு வேண்டாம், எனக்கும் பயம் வேண்டாம்.

பதில் எழுத வேண்டாம்.


மார்ச் 23

வணக்கம்.

எழுத வேண்டாம் என்று இருந்தேன். ஆனால் பாதிக் கதை தெரிந்த ஒருவரிடம் மீதியைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. நான் அப்படி வளர்ந்தவள் இல்லை.

பதினாறாம் தேதி மதியம் தள்ளுவண்டியோடு மேலே போனேன். முதலில் மயக்க மருந்துப் பிரிவு. கதவருகே ஒரு டாக்டரம்மா முகக்கவசத்தோடு நின்றிருந்தார். துணியைக் கொடுத்துவிட்டு, "டாக்டர், உங்க பிரிவு பேரை ஒரு தடவை மெதுவா சொல்ல முடியுமா" என்று கேட்டேன். எதற்கு என்றார். மைக்கில் சொல்ல வேண்டும் என்றேன். முகக்கவசத்தை இறக்கிவிட்டு மூன்று தடவை சொன்னார். பிறகு என்னைச் சொல்லச் சொன்னார். நான் பழைய இடத்தில் அழுத்தினேன். "இல்ல, தீ-ல நில்லுங்க" என்றார். அவ்வளவுதான். யாரும் சிரிக்கவில்லை.

அடுத்து குழந்தைகள் பிரிவு. அங்கே ஒரு நர்ஸ் சிரித்தாள், உண்மைதான். சிரித்துவிட்டு அவளும் சொல்லிப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த டாக்டர் அவளையும் திருத்தினார். இத்தனை வருடம் அவளே தவறாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாளாம். பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சொன்னோம். நான்கு நாளில் ஆறு பிரிவுக்கும் போய்விட்டேன். நீங்கள் விரைவுத் தபாலில் திருத்தி எழுதியது எல்லாம் சரியாகவே இருந்தது. சரியாக இருக்கும் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் கேட்டேன். கேட்டால் சிரிப்பார்கள் என்று பதினான்கு மாதம் அந்தக் கதவுகளுக்கு முன்னால் வாய் மூடி நின்றிருக்கிறேன். அந்தப் பயத்தை நான் உங்கள் வீட்டிலிருந்து பெட்டியோடு தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

தேர்வு அன்று நாங்கள் ஏழு பேர். உள்ளே கண்காணிப்பாளர், தலைமை நர்ஸ், காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவர். மைக் வாய்க்கு நேராக இருந்தது. என் குரல் வெளியே கூடம் முழுக்கக் கேட்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது, உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பதினேழு சொல் வரைக்கும் நன்றாகப் போயிற்று. பதினெட்டாவது காஸ்ட்ரோஎன்டராலஜி. காஸ்ட்ரோ என்று சொல்லி நின்றுவிட்டேன். மேற்கொண்டு ஒன்றும் வரவில்லை. தலைமை நர்ஸ் பேனாவை எடுத்தார்.

எனக்கு அந்த நேரத்தில் என்ன பழக்கம் தெரியுமா? யாராவது முந்திக்கொண்டு சரியாகச் சொல்லிவிடுவார்கள் என்று காத்திருப்பேன். காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. மூன்று பேரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு நேரம் கொடுக்கிறார்கள் என்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. மைக்கிலேயே, "மன்னிக்கவும், மறுபடி சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, புடவை நுனியை மேசைக்குக் கீழே ஏழு மடிப்பாக மடித்துக்கொண்டே முழுதாகச் சொன்னேன். பிறகு முப்பது வரைக்கும் நிற்கவில்லை.

கடைசியில் அந்த டாக்டர், "எங்க பிரிவு பேரை முழுசா நாங்களே சொல்றதில்லம்மா, ஈஎன்டின்னு விட்டுடுவோம்" என்றார். கண்காணிப்பாளர் எங்கே படித்தீர்கள் என்று கேட்டார். துணிக் கிடங்கில் என்றேன். தலைமை நர்ஸ் பேனாவை எடுத்தது எனக்கு மதிப்பெண் குறைக்க இல்லையாம். தவறினால் நிறுத்தி முதலிலிருந்து சொல்கிற ஆள்தான் வேண்டும், பாதிப் பெயரைக் கேட்டு நோயாளி வேறு மாடிக்கு ஓடக் கூடாது என்று எழுதினாராம். நேற்று பலகையில் பெயர் போட்டார்கள். என் பெயர்தான்.

ஒன்றாம் தேதி அறைச் சாவி தருகிறார்கள். தேய்க்கிற அம்மா தன் தலையணை ஒன்றைக் கொடுத்திருக்கிறார்.

நீங்கள் செய்ததை நான் மன்னிக்கவில்லை. நீங்களே எழுதிக் காட்டிக்கொடுத்ததை மறக்கவும் இல்லை. இரண்டும் அப்படியே இருக்கட்டும்.

பத்திரத்தை அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
முன்கூடம், கண்ணாடி அறை


ஏப்ரல் 14

அன்புள்ள உனக்கு,

பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு இணைத்திருக்கிறேன். சாட்சிக் கையெழுத்தும் வாங்கியாயிற்று. போன வருடமே செய்திருக்க வேண்டியது.

உன்னிடம் அனுமதி கேட்காமல் ஒன்று செய்தேன். வியாழக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு முதல் பஸ்ஸில் அங்கே வந்தேன். உன்னைப் பார்க்க வரவில்லை, கேட்க வந்தேன். உன் நிபந்தனை போனும் வேண்டாம், நேரிலும் வேண்டாம் என்பது. கூடத்தின் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்ததால் அதை மீறவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எட்டரையிலிருந்து மதியம் வரை இருந்தேன்.

இருபது வருடத்துக்கு மேலாகக் குரல்களைக் கேட்டுப் பிழை கண்டுபிடித்துச் சாப்பிடுகிறவன் நான். என் பக்கத்தில் ஒரு பெரியவர் கையில் சீட்டோடு உட்கார்ந்திருந்தார். எழுத்துத் தெரியாதவர். என்னிடம் சீட்டை நீட்டி, எங்கே போக வேண்டும் என்று கேட்டார். நான் வாசித்துச் சொல்வதற்குள் உன் குரல் வந்தது. அவர் பெயரையும் பிரிவையும் சொன்னாய், வலது பக்க வழி, இரண்டாவது கதவு என்றும் சொன்னாய். அவர் என் கையிலிருந்து சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்து நேராக அந்தக் கதவுக்குப் போனார். ஒரு தடவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நான் சொற்களைக் கேட்கவில்லை. ஆட்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ சொல்லச் சொல்ல ஒவ்வொருவராக எழுந்து போய்க்கொண்டே இருந்தார்கள். நடுவில் ஒரு குழந்தை அழுதபோது நீ அறிவிப்பை நிறுத்தி, அதன் அம்மாவுக்குத் தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்று சொன்னாய். அது உன் காகிதத்தில் இருந்திருக்காது. நம் வீட்டில் முதல் வருடம் நீ அப்படித்தான் பேசிக்கொண்டே இருப்பாய். அந்தப் பேச்சை நிறுத்தியது நான். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உன் முகவரிக்கு எழுதி அனுப்பிவிட வேண்டும் என்று தோன்றியது.

உனக்கு என்னால் ஆன நல்லது இந்தக் கையெழுத்துதான். உடம்பைப் பார்த்துக்கொள். அந்த அறையில் ஏசி அதிகம் போலிருக்கிறது, தொண்டைக்கு வெந்நீர் வைத்துக்கொள்.

சிவப்பு மை


ஏப்ரல் 19

அன்புள்ள சிவப்பு மைக்கு,

பத்திரம் கிடைத்தது. நானும் கையெழுத்துப் போட்டு நேற்று வக்கீலிடம் கொடுத்துவிட்டேன். கையெழுத்துப் போடும்போது அழுதேன். இரண்டு நிமிடம்தான், பிறகு வேலைக்கு நேரமாகிவிட்டது.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஸ்ட்ரெச்சர் ஒன்று வேகமாகப் போனதில் பதறி, ரேடியாலஜியை யாவில் அழுத்தாமல் ரேயில் அழுத்திச் சொன்னேன். கூடம் முழுக்கக் கேட்டது. எனக்கே காது கூசியது. உங்களுக்குத் தப்பியிருக்காது. உங்கள் கடிதத்தில் அதைத் தேடினேன். பின்குறிப்பு ஏதும் இருக்கிறதா என்று பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன். ஒரு வரி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு மேல் எனக்கு வேலை இல்லை. குடியிருப்புக்கு எதிரே ஒரு டீக்கடை இருக்கிறது, வெளியே இரண்டு பெஞ்ச் போட்டிருப்பார்கள். வர முடிந்தால் வாருங்கள். கணவராக வர வேண்டாம், அது முடிந்துவிட்டது. எனக்கு ஒன்பது வருடத்துப் பேச்சு உள்ளே கிடக்கிறது. அதை யாரிடமாவது சொல்லித் தீர்க்க வேண்டும், உங்களைத் தவிர வேறு யாருக்கும் அது புரியாது.

நான்தான் பேசுவேன். எவ்வளவு நேரம் ஆனாலும் நான் முடிக்கும்வரை நீங்கள் வாய் திறக்கக் கூடாது.

இப்படிக்கு,
வாயாடி